பெரியப்பாவின் டவுன்ஸ்விங்: எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில்

சனிக்கிழமை

பெரியப்பா: காலையில் செட்டிபாளையம் கோல்ஃப் கிளப்பில் எடுத்த வீடியோ இது. கார்த்தி, நேரம் கிடைக்கும்போது பார்த்துச் சொல்லு தம்பி. டிரைவரை, அதுதான் தூரமாக அடிக்கிற நீளமான மட்டையை, எடுத்தாலே பந்து நேராகப் போக மாட்டேன் என்கிறது. இடுப்பை வேகமாகத் திருப்புங்கள் என்று கூட ஆடுகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். வேகமாகத் திருப்பத் திருப்ப இன்னும் கோணிக்கொண்டு போகிறது.

கார்த்தி: பார்த்தேன் பெரியப்பா. பந்து முதலில் இடப்பக்கம் கிளம்பி, பாதி தூரம் போனதும் வலப்பக்கம் வளைகிறதா?

பெரியப்பா: அதேதான். பேர்வேயின், அதாவது புல் வெட்டிய ஆட்டப் பாதையின், வலது ஓரத்து மரங்களுக்குள் போய் விழுகிறது.

மூர்த்தி மாமா: மச்சான் கையாலேயே அடிக்கிறார் என்று நினைக்கிறேன். இடுப்பு வேலை செய்தால் சரியாகிவிடும். பழைய சாம்பியன் பென் ஹோகனே டவுன்ஸ்விங்கை, அதாவது மட்டையை மேலிருந்து பந்துக்கு இறக்குவதை, இடுப்புதான் தொடங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

கார்த்தி: ஹோகன் சொன்னது சரி மாமா. ஆனால் ஹோகனின் பழைய படங்களைப் பாருங்கள். இடுப்பு திரும்புவதோடு எடையும் இடது காலுக்கு வந்துகொண்டே இருக்கும். அந்தப் பாதியை விட்டுவிட்டுத் திருப்புவதை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் பெரியப்பாவின் சிக்கல்.

கார்த்தி: பெரியப்பா, வீடியோவை மெதுவாக ஓட்டி, கிளப், அதாவது மட்டை, உச்சியிலிருந்து கீழே இறங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். உங்கள் இடது குதிகால் இன்னும் தரையில் படவில்லை. உடம்பு முழுக்க வலது காலில் நிற்கிறது. அங்கேயே இடுப்பைச் சுழற்றுகிறீர்கள். வலது காலில் நின்றபடி சுழன்றால் வலது தோள் பந்துப் பக்கம் துருத்திக்கொண்டு வெளியே வரும். தோளோடு கிளப்பும் வெளியே போய், வெளியிலிருந்து உள்ளே குறுக்காகப் பந்தை வெட்டும். இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைகிற ஸ்லைஸ் இப்படித்தான் வருகிறது. அதனால்தான் வேகம் கூட்டினால் இன்னும் கோணுகிறது.

பெரியப்பா: நிறுத்திப் பார்த்தேன். குதிகால் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறது. இதை யாருமே சொல்லவில்லை.

மூர்த்தி மாமா: அப்போது இடுப்பைத் திருப்பவே கூடாதா?

கார்த்தி: திருப்ப வேண்டும் மாமா, நன்றாகவே திருப்ப வேண்டும். ஆனால் நகர்வது முதலில், திரும்புவது அடுத்து. மாங்காய்க்குக் கல் எறிகிறவனைப் பாருங்கள். கை பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே முன்கால் தரையில் ஊன்றிவிடும். அப்புறம் இடுப்பு, அப்புறம் தோள், கடைசியில்தான் கை. கோல்ஃபிலும் அதே வரிசை. நல்ல ஆட்டக்காரர்களின் உடம்பில் சென்சார் கட்டி அளக்கும்போது, முதலில் உச்ச வேகத்தைத் தொடுவது இடுப்பெலும்பு. அது வேகம் குறையும்போது மார்பு வேகம் பிடிக்கும், அப்புறம் கை, கடைசியில் கிளப். இடுப்பு கடைசிவரை வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைப்பது தவறு. அது தன் வேகத்தை மேலே கொடுத்துவிட்டு மெதுவாக வேண்டும்.

கார்த்தி: இன்னொன்று. கிளப் பின்னால் போய் முடிவதற்கு முன்பே இடுப்பு இலக்குப் பக்கம் கிளம்பிவிட வேண்டும். மேலே போய் நின்று, யோசித்து, அப்புறம் இடுப்பை நகர்த்த நேரம் கிடையாது. டவுன்ஸ்விங் முழுவதும் ஏறக்குறைய கால் நொடிதான்.

பெரியப்பா: கால் நொடியில் நான் எதை நினைப்பது தம்பி?

கார்த்தி: எதையும் நினைக்கக் கூடாது பெரியப்பா. மெதுவாகப் பழகிப் பழகி உடம்பிடம் விட்டுவிட வேண்டும். அதற்கு நான் நம்புகிற ஒரே பயிற்சி இதுதான், கவனமாகப் படியுங்கள். ஏழாம் நம்பர் அயர்ன், அந்த நடுத்தர நீள இரும்புத் தலை மட்டையை எடுங்கள். இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, பந்துக்கு நேராக நில்லுங்கள். கிளப்பைப் பின்னால் கொண்டு போங்கள். கை தோள் உயரத்தைத் தாண்டும்போது, கிளப் இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே, இடது காலை இலக்குப் பக்கம் ஒரு எட்டு எடுத்து ஊன்றுங்கள். ஊன்றிய பிறகுதான் அடிக்க வேண்டும். பாதி வேகம் போதும். முதலில் கிளப் தரையில் மோதும், சில பந்துகள் உருளும், கவலைப்படாதீர்கள். கால் ஊன்றிய கணத்தில் உடம்பு மேலேயும் கீழேயும் எதிரெதிராக முறுக்குவது இடது விலாப் பக்கம் தெரியும். அது தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். பந்து எங்கே போகிறது என்று பார்க்கவே வேண்டாம்.

பெரியம்மா: போர்டிகோவில் வேண்டாம். தென்னைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லு கார்த்தி, ஜன்னல் கண்ணாடி இருக்கிறது.

நித்யா: பெரியப்பா, நான் இப்போதுதான் கிளினிக்கிலிருந்து வந்தேன். பயிற்சிக்கு முன்னால் உங்கள் இடுப்பு மூட்டு எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள், முழங்கால் இரண்டும் சேர்ந்திருக்கட்டும். முழங்காலை நகர்த்தாமல் இடது பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் எவ்வளவு தூரம் கொண்டு போக முடிகிறது? அப்புறம் வலது பாதம். இரண்டையும் பெரியம்மாவைப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

பெரியம்மா: எடுத்து அனுப்பியிருக்கிறேன் கண்ணு. இடது பக்கம் பாதிகூடப் போகவில்லை.

நித்யா: பார்த்தேன் பெரியம்மா. இது முக்கியமான விஷயம். பந்தை அடிக்கும்போது இடது கால் தரையில் ஊன்றி நிற்கும், இடுப்பெலும்பு அதன்மேல் திரும்பும். அந்தத் திருப்பத்துக்கு இடது இடுப்பு மூட்டு உள்பக்கம் சுழல இடம் கொடுக்க வேண்டும். அது கொடுக்காவிட்டால் உடம்பு வேறு இடத்தில் தேடும். கீழ் முதுகு எலும்புகள் குனிய நிமிர வசதியானவை, சுழல்வது மிகக் கொஞ்சம்தான். அங்கே பிடுங்கி எடுத்தால் வலிதான் மிச்சம். கோல்ஃப் ஆடுகிறவர்களிடம் அதிகம் பார்க்கிற தொந்தரவே கீழ் முதுகு வலிதான்.

பெரியப்பா: ஆடி முடித்து வந்த அன்று ராத்திரி முதுகு பிடித்துக்கொள்கிறது. வயதுக்கு உண்டானது என்று விட்டுவிட்டேன் கண்ணு.

நித்யா: வயது என்று விடாதீர்கள். நாளைக்கு நேரில் வந்து பார்க்கிறேன். அதுவரை ஒன்று செய்யலாம். பந்துக்கு முன் நிற்கும்போதே இடது பாதத்தின் விரல்களைக் கொஞ்சம் இலக்குப் பக்கம் திருப்பி வையுங்கள். மூட்டுக்கு அந்த அளவு இடம் கூடுதலாகக் கிடைக்கும். அப்புறம் இடது முழங்காலை வெடுக்கென்று நிமிர்த்தி அடிக்கக் கூடாது.

கார்த்தி: நித்யா சொல்வது சரி. ஹோகனும் இடது பாதத்தைக் கொஞ்சம் வெளியே திருப்பித்தான் வைப்பார். 1949இல் கார் பேருந்தோடு மோதி இடுப்பெலும்பு முறிந்த மனிதர், அடுத்த ஆண்டே யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டியில் ஜெயித்தார். அவர் ஸ்விங்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

மூர்த்தி மாமா: எனக்கும் இடது பக்கம் போகவில்லை நித்யா. இப்போதே உட்கார்ந்து பார்த்தேன். மூட்டு மாற்ற வேண்டி வந்தால் ஆட்டம் அவ்வளவுதானா?

நித்யா: அப்படி இல்லை மாமா. கோல்ஃப் சாம்பியன் ஜாக் நிக்லஸ் 1999இல் இடது இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு, அதற்குப் பிறகும் ஆடினார். நீங்கள் அந்த நிலைக்குப் போக வேண்டியதே இல்லை. நாளைக்கு உங்களையும் சேர்த்தே பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா: நித்யா வந்து இரண்டு பயிற்சி கொடுத்துவிட்டுப் போனாள். கால் எடுத்து வைத்து அடிப்பதும் செய்தேன். நன்றாகப் பட்ட பந்துகள் கொஞ்சம் வலப்பக்கம் கிளம்பினாலும் வளையாமல் போயின. ஆனால் சில பந்துகள் கிளப்பின் கழுத்தில், கம்பும் தலையும் சேருகிற இடத்தில், பட்டுத் தெறிக்கின்றன. பக்கவாட்டில் எடுத்த வீடியோ இதோ.

கார்த்தி: பாதை மாறிவிட்டது பெரியப்பா, ரொம்ப சந்தோஷம். கழுத்தில் படுவதற்குக் காரணம் வேறு. பந்துக்கு முன் நிற்கும்போது உங்கள் பின்புறம் தென்னை மரத்தின் விளிம்புக்கு நேராக இருக்கிறது. பந்தில் கிளப் படும் இடத்தில் நிறுத்துங்கள். பின்புறத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம் தெரிகிறது. அதாவது இடுப்பு திரும்பாமல் பந்தை நோக்கி முன்னே வந்துவிட்டது. பெல்ட் பக்கிளும் இன்னும் பந்தையே பார்க்கிறது. அது பந்தைத் தாண்டி இலக்குப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு அந்த இடத்தில் இடுப்பு சுமார் 40 டிகிரி திறந்திருக்கும். இடுப்பு முன்னே வந்தால் கைக்கு வழி கிடையாது, உடம்பு நிமிரும், கிளப் வெளியே தள்ளப்படும்.

பெரியப்பா: இதற்கு என்ன செய்வது?

கார்த்தி: சுவர் போதும், கிளப்பே வேண்டாம். பின்புறம் சுவரைத் தொடுகிற மாதிரி குனிந்து நின்று, கைகளை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள். பின்னால் திரும்பும்போது வலது புட்டம் சுவரில் அழுந்தும். இறங்கத் தொடங்கும்போது லேசாக உட்காருகிற மாதிரி இடது பக்கம் நகருங்கள். ஒரு கணம் இரண்டு புட்டமும் சுவரில் இருக்க வேண்டும். அப்புறம் இடது புட்டம் சுவரைத் தேய்த்தபடி பின்னால் போக, வலது பக்கம் சுவரை விட்டு வரும். பழைய சாம்பியன் சாம் ஸ்னீட் உட்காருகிற மாதிரி இறங்குவார் என்று இன்றும் பேசுகிறார்களே, அது இந்த இடம்தான். தேய்க்கும் சத்தம் கேட்டால் சரி.

நித்யா: இடது பக்கம் இப்போது இறுக்கமாக இருப்பதால் முதல் வாரம் பாதித் திருப்பம் போதும் பெரியப்பா. இடுப்பு மடிப்பில் இழுப்பது போல் இருக்கலாம், குத்துகிற வலி வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

பெரியம்மா: சுவரில் புதுப் பெயின்ட். பழைய துண்டைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

மூர்த்தி மாமா: மச்சான், அடுத்த சனிக்கிழமை டிரைவர் போட்டுப் பார்க்கலாமா?

கார்த்தி: டிரைவர் இப்போதைக்கு வேண்டாம் மாமா. நீளமான கிளப்பைக் கையில் எடுத்ததும் பழைய வேகம் தானாக வந்துவிடும், இடது கால் மறந்துவிடும். தூரத்துக்கு ஆசைப்பட வேண்டாம். நம் நாட்டு கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தது தூரமாக அடித்து இல்லை. மற்றவர்கள் அவரை விட எவ்வளவோ தள்ளி அடித்தார்கள்.

பெரியப்பா: சரி. ஏழாம் நம்பர் அயர்ன் மட்டும் பையில் வைக்கிறேன். சனிக்கிழமை முன்பக்கத்திலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு வீடியோவும் அனுப்புகிறேன் தம்பி.

கார்த்தி: அனுப்புங்கள் பெரியப்பா. பக்கவாட்டில் எடுக்கும்போது போன் உங்கள் கை உயரத்தில் இருக்கட்டும், பின்னால் ஒரு மரமோ தூணோ தெரிய வேண்டும்.