கிப்பே நய்யேவுக்கு முசாரா, அரக்கா?

பழம்புட்டி:
"சாத்தோ முசார் சிவப்பு ஒயினைக் கிப்பே நய்யேவுடன் அருந்துவதே லெபனான் மரபு" என்று மேசைத்துணை நேற்று ஒற்றை வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். பச்சை ஆட்டிறைச்சியை நொய்யாக உடைத்த கோதுமையோடு பிசைந்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, பச்சை வெங்காயமும் புதினாவும் வைத்து உண்ணும் அந்தப் பண்டத்துக்கு அங்கே நெடுங்காலத் துணை அரக்குதான். தண்ணீர் ஊற்றியதும் பால்போல வெளுக்கும் அந்தச் சோம்புச் சாராயத்தின் மணமே பச்சை இறைச்சியின் கவிச்சையை அடக்கும். முசாரைச் சுட்ட ஆட்டிறைச்சிக்கு வையுங்கள்.

மேசைத்துணை:
அரக்கு என்பது முத்திரை வைக்கும் மெழுகு. முதலில் அரக் என்று எழுதப் பழகுங்கள். மரபைப் பிறகு கற்பிக்கலாம். முசார் கபெர்னே சோவிஞோன், சன்சோ, கரிஞான் ஆகிய மூன்று திராட்சைகளின் கலவை; அறுவடையாகி ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழித்தே விற்பனைக்கு வருகிறது. அதற்குள் துவர்ப்பு தணிந்துவிடுவதால் பச்சை இறைச்சியின் மென்மையை அது கெடுப்பதில்லை.

பழம்புட்டி:
நான் எழுதியது "அரக்" என்ற சொல்லோடு "தான்" சேர்ந்த புணர்ச்சி. ஆலிவ் எண்ணெய் விவாதத்தில் தோற்றதிலிருந்து உங்களுக்கு என் எழுத்துப்பிழைகள் மட்டுமே கண்ணில் படுகின்றன. துவர்ப்பு தணியும் என்பதை நான் மறுக்கவில்லை. பச்சை வெங்காயத்தைப் பற்றி மட்டும் நீங்கள் வாயே திறக்கவில்லை. அந்தக் காரம் நாக்கில் இருக்கும்போது முசாரின் பழமணம் எங்கே தெரியும்?

கொடிமுந்திரி:
இருவரும் மூக்கை மறந்துவிட்டீர்கள். முசாரில் காடி வாடை தூக்கலாக இருக்கும் என்பது அதன் அன்பர்களே ஒப்புக்கொள்ளும் செய்தி. அதற்குக் கிப்பே வேண்டாம், ஊறுகாய் போதும்.

பழம்புட்டி:
அந்தக் காடிக் கூர்மைதான் கொழுப்பை வெட்டுகிறது என்பதால், அது ஆட்டுக்கால் வறுவலுக்கு வரம். 1930-இல் காஸ்தோன் ஹோஷார் தொடங்கி, 1959 முதல் அவருடைய மகன் செர்ஜ் வடித்த ஒயினை ஊறுகாயோடு ஒப்பிடுகிறவருக்கு நான் வேறென்ன சொல்வது? உள்நாட்டுப் போரின்போது பெக்கா பள்ளத்தாக்கின் தோட்டங்களிலிருந்து முசார் ஆலை இருக்கும் கஸீர் வரை லாரிகள் திராட்சையோடு மலையைத் தாண்டிப் போர்முனைகளைக் கடந்து வந்தன. 1976-இலும் 1984-இலும் மட்டுமே ஒயின் இல்லை.

மேசைத்துணை:
தவறு. 1984-இல் ஒயின் வடிக்கப்பட்டது. வழியில் சிக்கிய திராட்சை லாரியிலேயே நொதிக்கத் தொடங்கிவிட்டதால், அது வழக்கமான விற்பனைக்கு வரவில்லை. இல்லாததும் விற்காததும் ஒன்றல்ல.

பழம்புட்டி:
கடைக்கு வராத ஒயினைக் கிப்பேவுடன் எப்படி அருந்தினீர்கள்? சரி, விடுங்கள். கிப்பே நய்யேவை அன்றறுத்த இறைச்சியில்தான் செய்ய வேண்டும். அதன் சுவை அந்தப் புதுமையில் இருக்கிறது. ஏழாண்டு காத்திருந்து தோல், அத்தி, உலர்பழம் என்று மணக்கும் ஒயினை அதன்மேல் ஊற்றுவது, பிறந்த குழந்தைக்குத் தாத்தாவின் கோட்டை மாட்டுவதைப் போன்றது. அதே இறைச்சியை எண்ணெயில் பொரித்த கிப்பேவாகவோ கனலில் சுட்ட கஃப்தாவாகவோ வையுங்கள். முசாரை நானே ஊற்றித் தருகிறேன்.

மேசைத்துணை:
உவமை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. வெங்காயத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டேன், முசார் பொருந்தியது.

பழம்புட்டி:
வெங்காயத்தை ஒதுக்கிவிட்டா? அப்படியானால் நீங்கள் சாப்பிட்டது கிப்பே நய்யேவே அல்ல. இதைத்தானே முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்!

கொடிமுந்திரி:
ஊறுகாயைப் பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.