இரவல் பாகங்களும் அனுமதியும்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

மூன்றாம்கியர்

யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற லாரி ஓட்டும் கணினி விளையாட்டுக்கு ஒரு மப்சல் பஸ் மாட் செய்தேன். மாட் என்றால் விளையாட்டில் சேர்த்துக்கொள்ள ரசிகர்களே செய்யும் கூடுதல் கோப்பு. திருச்சி - புதுக்கோட்டை தனியார் வண்டி. கூடு முழுக்க என்னுடையது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் நான்கு மாதம். டாஷ்போர்டும் அதற்கு மேலே இருக்கும் பலகைகளும் மட்டும் ஒரு நண்பர் கொடுத்தவை. அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிடுவாரே என்ற கூச்சம். நன்றிப் பட்டியலில் அவர் பெயரைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

வெளியிட்ட பதினோராம் நாள் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து செய்தி. திட்டவில்லை. ஒரே ஒரு படம்தான். டிரைவர் தலைக்கு மேலே உள்ள பலகையில் சிவப்பு வட்டம். 'கரம் சிறம் புறம் நீட்டாதீர்.' சிரத்துக்கு வல்லின றகரம். கீழே ஒரு வரி: 'தம்பி, இந்தப் பிழை என்னுடையது.'

அந்தப் பலகையை நான் எத்தனை நூறு முறை பார்த்திருப்பேன்! அதற்கு விளக்கு வெளிச்சம்கூடச் சரிசெய்திருக்கிறேன். என் அம்மா தமிழாசிரியை என்பதை யாரிடமும் சொல்லாதீர்கள். அன்று இரவே அந்த பஸ் மாட்-ஐத் தளத்திலிருந்து நீக்கிவிட்டேன். நண்பரிடம் கேட்டால், 'எல்லோரும் எடுப்பதுதானே' என்கிறார். எனக்கு உறுத்துவது அந்த 'தம்பி'தான். கோபமாக நான்கு வார்த்தை எழுதியிருந்தால் நானும் பதிலுக்கு எழுதித் தீர்த்திருப்பேன்.

ரீட்மீபடிப்பவன்

நான் ஸ்கைரிம் என்ற கற்பனை உலக விளையாட்டின் பக்கம். ஒரு கிராமத்துக்கு நெய்தறி தேவைப்பட்டது. வேறொருவர் அழகாகச் செய்து வைத்திருந்தார். மாட்கள் பகிரும் தளமான நெக்ஸஸில் அவர் பக்கத்தில் குறித்திருந்தது: பொருள்களை எடுத்தாள முன் அனுமதி பெற வேண்டும். பெறலாம் என்று எழுதினேன். பதில் இல்லை. அவர் கடைசியாக உள்ளே வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. எட்டு மாதத்தில் மூன்று முறை எழுதிவிட்டு, நானே உட்கார்ந்து ஒரு தறி செய்தேன். கோணல் தறி. நாடா ஒரு பக்கம், கட்டை ஒரு பக்கம்.

என் மாட் வெளிவந்த இரண்டாவது வாரம் அவர் பதில் வந்தது. 'எடுத்துக்கொள்ளுங்கள்.' ஒரு சொல், ஒரு புள்ளி. இப்போதும் அந்தக் கிராமத்துக்குள் நுழையும்போது அந்த வீட்டுப் பக்கம் போகமாட்டேன்.

இன்னொன்று. 2021 ஜூலையில் நெக்ஸஸ், பல மாட்களை ஒரே பட்டியலாகச் சேர்த்துத் தரும் 'தொகுப்புகள்' வசதிக்காக இனி நீக்கப்படும் கோப்புகளும் கிடங்கில் இருக்கும் என்று அறிவித்து, பிடிக்காதவர்கள் தங்கள் கோப்புகளை முற்றாக நீக்கிக்கொள்ள ஆகஸ்ட் 5 வரை அவகாசம் கொடுத்தது நினைவிருக்கும். பலர் மூட்டை கட்டினார்கள். எனக்குக் கதவும் ஜன்னலும் கொடுத்தவர் அவர்களில் ஒருவர். 'யாரும் எடுத்தாளலாம், பெயர் போட்டால் போதும்' என்று அவர் எழுதியிருந்த பக்கமே இன்று இல்லை. அப்படி எழுதியிருந்தார் என்பதற்கு நான் ஒருவனே சாட்சி. பயனடைந்தவனே சாட்சி சொன்னால் யார் நம்புவார்கள்?

பாலிகான்கணக்கர்

எனக்கும் ஒருமுறை நீக்கல் அறிவிப்பு வந்தது, ஒரு கதவுக் கைப்பிடிக்காக. நீக்கினேன், முடிந்தது. அதை விடுங்கள்.

மூன்றாம்கியர், உங்கள் கதையில் நண்பரைக் குற்றவாளியாக்குவது சரியில்லை. வாங்கியவர் நீங்கள். நன்றி சொல்வது வேறு, அனுமதி பெறுவது வேறு. பக்கத்து வீட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், 'சைக்கிள் உதவி: பக்கத்து வீடு' என்று எழுதி மாட்டினால் அது அனுமதி ஆகிவிடாது.

ஒரு பாகம் கைக்கு வந்த அன்றே கணக்கில் எழுதுங்கள். கோப்பின் பெயர், செய்தவர், கிடைத்த இடம், தேதி, அவர் சொன்ன சொற்கள் அப்படியே, நீங்கள் செய்த மாற்றம். பக்கத்தைப் படமெடுத்து அதே கோப்புறையில் போடுங்கள். ரீட்மீபடிப்பவனின் சாட்சிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. கிரியேட்டிவ் காமன்ஸ் (செய்தவர் முன்கூட்டியே எல்லோருக்கும் தரும் பொது உரிமம்) என்று கண்டதும் துள்ளாதீர்கள். வணிகத் தடை உள்ளதை எடுத்தால் காசுக்கு விற்க முடியாது. மாற்றத் தடை இருந்தால் வெட்டி ஒட்டி வெளியிடக் கூடாது. 'அதேபோல் பகிர்' என்றால் அதிலிருந்து உருவாக்கியதையும் அதே உரிமத்தில்தான் விட வேண்டும். வேறொரு விளையாட்டிலிருந்து பிடுங்கிய கார் என்றால், பிடுங்கியவர் கொடுக்கும் அனுமதி செல்லாக் காசு. அவருக்கே அது சொந்தமில்லை.

2015 ஏப்ரலில் ஸ்கைரிம் மாட்களைக் காசுக்கு விற்கும் திட்டம் வந்ததே, அதில் ஒரு மீன்பிடி மாட் உடனே விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. காரணம், வேறொருவருடைய அசைவுக் கோப்புகளைச் சார்ந்திருந்தது. ஏப்ரல் 23 அன்று தொடங்கிய திட்டமே 27 அன்று மூடப்பட்டது. இலவசமாக இருக்கும்வரை கண்டும் காணாமலும் போகிற இரவல், காசு வந்த அன்று கடனாகிவிடுகிறது.

கடைசியாக: அந்தப் பெரியவர் வைத்த பொறி அற்புதம். வேண்டுமென்றே ஒரு பிழையை விதைத்திருக்கிறார். எல்லோரும் இப்படிச் செய்ய வேண்டும்.

கடைசிசீட்

கணக்கர் ஐயா, கைப்பிடிக்கு இரண்டு வரி, எங்களுக்கு நான்கு பத்தியா?

நான் மாட் செய்வதில்லை. ஒலிப்பதிவு செய்து கொடுப்பேன். பெரியப்பா கண்டக்டர். அவர் வண்டியில் போய் ஏர் ஹாரனைப் பதிவு செய்து மூன்று பேருக்குக் கொடுத்தேன், வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று சொல்லி. போன மாதம் எங்கள் வீட்டுச் சிறுவன் யாரோ ஒருவருடைய கேரள பஸ் விளையாட்டுக் காணொளி பார்த்துக்கொண்டிருந்தான். நான் அடுப்படியில் இருந்தேன். ஹாரன் அடித்தது. அது முடிகிற இடத்தில் ஒரு செருமல். கரண்டியை வைத்துவிட்டு ஓடி வந்தேன். பெரியப்பாவின் செருமல்! பதிவில் வெட்ட மறந்திருக்கிறேன். அந்த விளையாட்டில் ஒவ்வொரு வளைவிலும் அவர் தொண்டையைச் சரிசெய்துகொள்கிறார்.

மூவரில் யார் கொடுத்தது என்று கேட்டேன். மூவரும் 'நான் இல்லை' என்கிறார்கள். இனி அந்த மூவரோடும் எப்படிப் பேசுவது? பெரியப்பாவிடம் சொன்னதற்கு, 'ஒரு செருமலுக்கு எவ்வளவு தருவார்களாம்?' என்று கேட்டார்.

மூன்றாம்கியர்

கணக்கருக்கு ஒரு திருத்தம். நேற்று அந்தப் பலகையைச் செய்த அண்ணனோடு பேசினேன். பெயரைப் போட்டுப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார். வேண்டுமென்றே வைத்த பொறியா என்று நானும் ஆசையாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு எழுதினார்: 'இல்லை தம்பி, அப்போது எனக்கு எந்த ர என்று தெரியாது. வெளியிடும் முன் அதை மட்டும் திருத்திவிடு.'