வெறும் தடைகள்தான், ஆனால் 9 வோல்ட் 14 ஆகிறது: ஏபிசிடி கணக்கில் உதவி தேவை

நோர்வூட் தம்பி:
வணக்கம். மின் பொறியியல் டிப்ளோமா முதல் வருஷம். ரெண்டு நாளா ஒரே கணக்கில மாட்டிக்கிட்டு நிக்கிறேன்.

ரி (T) வடிவச் சுற்று. தொடரில் 200 ஓம், நடுவில் கீழே இறங்கும் கால் 400 ஓம், அப்புறம் தொடரில் 300 ஓம். இசட் பரமானங்களை (மின்னோட்டத்திலிருந்து வோல்ற்றளவைத் தர்ற நாலு எண்கள்: 600, 400, 400, 700) எழுதி, அதிலிருந்து ஏபிசிடி (வெளிப்பக்க வோல்ற்றளவு, மின்னோட்டத்திலிருந்து உள்பக்கத்தைத் தர்ற நாலு எண்கள்) எடுத்தேன். ஏ = 1.5, பி = −650, சி = 0.0025, டி = −1.75. துணிகோவை (ஏ×டி − பி×சி) 1 வரணும், −1 வந்துச்சு. சரி பார்ப்போம்னு இதே சுற்று ரெண்டைத் தொடுத்து தாயங்களை (ஏ, பி, சி, டி அடுக்கின 2×2 அட்டவணை) பெருக்கினேன். இப்ப துணிகோவை சரியா 1! ஆனா ஏ = 0.625. மறுபக்கம் திறந்திருந்தா கொடுத்த வோல்ட்டை ஏ ஆல் வகுக்கணும்; அப்படின்னா 9 வோல்ட் கொடுத்தா மறுபக்கம் 14.4 வோல்ட். தடையை மட்டும் வச்சு எப்படிங்க கூடும்? வெள்ளிக்கிழமை பரீட்சை.

பண்டாரவளை அக்கா:
தம்பி, பெருக்கின வரிசையைப் பாருங்க. மின்முதல் பக்கத்துச் சுற்றோட தாயம்தான் இடது பக்கம் வரணும்.

நோர்வூட் தம்பி:
ரெண்டும் ஒரே சுற்றுதான் அக்கா. எப்படிப் பெருக்கினாலும் அதே விடைதான்.

பண்டாரவளை அக்கா:
ஆமா, கவனிக்கல. ஆனா ஒண்ணு: வேற வேற சுற்றுன்னா வரிசை மாறினதைத் துணிகோவை காட்டிக்கொடுக்காது. 200 தொடர், பிறகு 400 கால் என்றால் ஏ 1.5, டி 1. மாத்திப் போட்டா ஏ 1, டி 1.5. ரெண்டுக்கும் துணிகோவை 1தான்.

நோட்டன் அண்ணன்:
தம்பி, பிழை ஐ2 இன் திசையில இருக்கு (வி வோல்ற்றளவு, ஐ மின்னோட்டம்; 1 உள்வாயில், 2 வெளிவாயில்). இசட் பரமானத்தில ரெண்டு மின்னோட்டமும் சுற்றுக்கு உள்ளே போறதா எடுப்போம். ஏபிசிடியில ஐ2 வெளியே போகணும்:

வி1 = ஏ×வி2 + பி×ஐ2
ஐ1 = சி×வி2 + டி×ஐ2

நீங்க இசட்டிலிருந்து வந்தப்ப ஐ2 இன் குறியை மாத்தல. அதனாலதான் பி, டி ரெண்டும் மறையா வந்துச்சு. சரியானது 1.5, 650, 0.0025, 1.75.

ஏன் வெளியே? தேயிலை ஃபெக்டரியில வாட்டுற மாடியிலிருந்து இறங்குற கொழுந்தோட எடைதான் உருட்டுற மெஷினுக்குள்ள போற எடை. அதே மாதிரி முதல் சுற்றை விட்டு வெளியேறும் மின்னோட்டம்தான் அடுத்ததுக்குள்ள நுழையுது. அப்படி இருந்தாத்தான் தாயத்தைப் பெருக்கவே முடியும்.

துணிகோவை −1 வந்த இடத்திலேயே நின்னிருக்கணும். −1 ஐ −1 ஆல் பெருக்கினா 1; பிழை அதுக்குள்ள மறைஞ்சுபோச்சு. தொடுத்ததுக்குச் சரியான விடை ஏ 3.875, பி 2112.5, சி 0.008125, டி 4.6875. 9 வோல்ட் கொடுத்தா 2.32தான் வரும்.

தாயம் இல்லாமலும் ஏ யைப் பார்க்கலாம். ஒரு சுற்றோட வெளிவாயிலைத் திறந்து வச்சா 300 ஓமில மின்னோட்டமே இல்லை. மொத்தம் 600, அதில 400 இன் பங்குதான் வெளியே. 600/400 = 1.5. பரீட்சையில அரை நிமிஷ வேலை.

இன்னொண்ணும் சொல்லணும். ஏ ஒன்றுக்குக் கீழே வந்தாலே பிழைன்னு எழுதிடாதீங்க. காசல்ரீ தண்ணியில ஓடுற விமலசுரேந்திர நிலையத்திலிருந்து 132 கிலோவோல்ட் லைன் போகுது. அந்த மாதிரி லைனுக்குக் கொள்ளளவம் உண்டு. பை மாதிரியில (லைனை π வடிவச் சுற்றா எடுக்கிறது; இசட் தொடர்ப் பகுதி, வை கீழே இறங்கும் பகுதி) ஏ = 1 + இசட்×வை/2; இசட்டில தூண்டலும் வையில கொள்ளளவமும் சேர்ந்து பெருக்கம் மறையா வர்றதால ஏ ஒன்றுக்குச் சற்றுக் கீழே இறங்கும். நீளமான லைன் சுமையில்லாம கிடந்தா மறுமுனை வோல்ற்றளவு அனுப்புமுனையை விடக் கூடும். ஃபெராண்டி விளைவுன்னு படிப்பீங்க. தடைகளை மட்டும் வச்சு அது நடக்காது. உங்க சந்தேகம் சரியான சந்தேகம்.

நோர்வூட் தம்பி:
அண்ணே, கட்டியே பார்த்துட்டேன். 400 ஓம் கிடைக்கல, ரெண்டு 200 ஐத் தொடரில போட்டேன். மொத்தம் எட்டுத் தடை. 9 வோல்ட் பேட்டரி இணைச்சதும் 8.9க்கு இறங்கிச்சு. மீட்டரில 2.29.

நோட்டன் அண்ணன்:
8.9/3.875 = 2.30. ரொம்ப நல்லா வந்திருக்கு. இப்ப பேட்டரியைப் பின்வாயிலுக்கு மாத்தி, முன்வாயிலைத் திறந்து அளங்க. திருப்பின சுற்றுக்கு டி தான் ஏ ஆகும்.

நோர்வூட் தம்பி:
பேட்டரி 8.9, முன்வாயிலில் 1.89. 4.6875 ஆல் பிரிச்சா 1.90. டி சரி அண்ணே!