சூப்பர்சார்ஜரும் டர்போவும் ஒரே என்ஜினில்: பைபாஸ் வால்வு குறித்து உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். டர்போ (வெளியேறும் புகையின் விசையால் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அழுத்தும் கருவி) பொருத்திய 1.6 லிட்டர் பெட்ரோல் என்ஜினில், குறைந்த ஆர்பிஎம்மில் வரும் டர்போ லேக்கைப் (டர்போ அழுத்தம் தர எடுத்துக்கொள்ளும் தாமதத்தைப்) போக்க, பெல்ட்டால் சுழன்று அதே வேலையைச் செய்யும் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் ஒன்றையும் சேர்த்து வருகிறேன். 1985இன் லான்சியா டெல்டா எஸ்4 காரிலும், பின்னர் ஃபோக்ஸ்வாகனின் சில 1.4 டிஎஸ்ஐ என்ஜின்களிலும் இந்த இணைப்பு இருந்தது. பின்னதில் 3500 ஆர்பிஎம்முக்கு மேல் மின்காந்த கிளட்ச் சூப்பர்சார்ஜரை விடுவித்துவிட, டர்போ மட்டுமே காற்றைத் தள்ளியது. இவ்வளவு நேர்த்தியான பொறியியலை நான் அதிகம் கண்டதில்லை.

என் சிக்கல், காற்று சூப்பர்சார்ஜரைத் தவிர்த்துச் செல்ல வழிவிடும் பைபாஸ் வால்வில்தான். அது முன்கூட்டியே திறந்தால் பூஸ்ட் (கூடுதல் காற்றழுத்தம்) சட்டென்று இறங்கி வண்டி குலுங்குகிறது; தாமதமாகத் திறந்தாலோ, தொடர் அமைப்பில் அழுத்த விகிதங்கள் கூடுவதில்லை, பெருகுகின்றன என்பதால், 1.5உம் 1.6உம் சேர்ந்து 2.4 ஆகி, காற்று சூடேறி, நாக்கிங் (எரிபொருள் கலவை கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) தொடங்கிவிடுகிறது.

இந்த வால்வை மேனிஃபோல்டு (என்ஜினுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்த்தொகுதி) அழுத்தத்தால் இயங்கும் ஆக்சுவேட்டரிடம் விடுவதா, அல்லது த்ராட்டில் நிலையையும் ஆர்பிஎம்மையும் பார்த்து ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) படிப்படியாகத் திறக்கும்படி அமைப்பதா? இரண்டு கம்ப்ரசர்களுக்கும் இடையில் தனி இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் கருவி) வைத்தவர்கள், அதனால் நாக்கிங் குறைந்ததா, குழாயின் நீளம் கூடியதால் த்ராட்டில் மறுமொழி மந்தமானதா என்பதையும் தெரிவித்தால் பெரிதும் உதவியாக இருக்கும்.