மினி டிராக்டரின் பின்சக்கரத்தை அகலப்படுத்தியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

தாளவாடி விவசாயி:

எங்கள் பக்கம் சமதளக் காடு குறைவு. ஒரே வயலுக்குள்ளேயே மேல்கோடிக்கும் கீழ்கோடிக்கும் ஆள் உயர வித்தியாசம் இருக்கும். மஞ்சள், முட்டைக்கோசு, மக்காச்சோளம் என்று மாற்றி மாற்றிப் போடுகிறோம். வீட்டில் இருப்பது 24 ஹெச்.பி. மினி டிராக்டர், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. பயிர் வரிசைக்கு நடுவே புகுந்து வர வேண்டும் என்பதற்காகவே இந்த ரக வண்டிகளை ஒடுக்கமாகச் செய்கிறார்கள். சமதளத்தில் அது வசதிதான். சரிவுக்குக் குறுக்கே ஓட்டும்போதுதான் விஷயம் தெரியும். மேட்டுப்பக்கத்துப் பின்சக்கரம் லேசாகிவிடும். டயரில் புடைத்து நிற்கிற பட்டன் மண்ணில் பதியாமல் மேலாகத் தேய்த்துக்கொண்டு போகும். திரும்பித் தடத்தைப் பார்த்தால் பள்ளத்துப் பக்கம் பட்டன் அச்சு வெட்டின மாதிரி இருக்கும், மேட்டுப்பக்கம் கலைந்து கிடக்கும். வண்டி எடை முழுவதும் ஒரு காலில் நிற்கிறது என்று அர்த்தம்.

பக்கத்துத் தோட்டத்தில் இதே அளவு வண்டி ஒன்று, ரோட்டவேட்டரை (பின்னால் மாட்டி மண்ணைக் கிளறுகிற சுழல் கலப்பை) தூக்கிக்கொண்டு கோடியில் திரும்பும்போது கவிழ்ந்தது. ஓட்டியவருக்குக் கால் எலும்பு முறிந்தது. அந்த மட்டோடு போனதே பெரிய விஷயம். அதற்குப் பிறகுதான் எங்கள் வண்டியின் சக்கரத்தை வெளியே தள்ளி மாட்டுவது என்று முடிவு செய்தோம்.

எங்கள் வண்டியில் டயர் உட்காருகிற ரிம்மும், ஆக்சிலோடு சேர்த்து மாட்டுகிற நடு டிஸ்க்கும் ஒன்றாகப் பற்றவைத்து வருகிறது. டிஸ்க் ரிம்முக்கு நட்டநடுவில் இருக்காது, ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும். அதனால் இடது சக்கரத்தை வலப்பக்கமும் வலது சக்கரத்தை இடப்பக்கமும் மாட்டினாலே டயர் வெளியே தள்ளி நிற்கும். பக்கம் மாற்றாமல், இருந்த இடத்திலேயே திருப்பி மாட்டினாலும் அகலம் வரும், ஆனால் பட்டன் திசை தலைகீழாகிவிடும். ஈர மண்ணில் இழுவை போய்விடும், பட்டன் இடுக்கில் அப்பின மண்ணும் உதிராது. வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் பட்டன்கள் கூரை முகடு போல மேல்நோக்கிக் கூம்பியிருக்க வேண்டும். டயர் பக்கவாட்டில் அம்புக்குறியும் போட்டிருப்பார்கள்.

பக்கத்துக்குச் சுமார் 10 செ.மீ. கிடைத்தது. அதே சரிவில் இப்போது இரண்டு பக்கத் தடமும் ஏறக்குறைய ஒரே மாதிரி பதிகிறது. முன்பெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உடம்பை மேட்டுப்பக்கம் சாய்த்துக்கொண்டே ஓட்டுவார் அப்பா. இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறார்.

ஒன்று சொல்லியாக வேண்டும். முன்சக்கரத்தை அகலப்படுத்தினால் கவிழாது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். முன் ஆக்சில் நடுவில் ஒரே இரும்பு முளையில் ஊசலாடுகிற மாதிரித்தான் மாட்டியிருக்கிறது. குண்டு குழியில் நாலு சக்கரமும் தரையைத் தொட வேண்டும் என்பதற்காக அப்படி. ஆக வண்டி நிற்பது நாலு மூலையில் அல்ல, மூன்று புள்ளியில்: இரண்டு பின்சக்கரம், முன்னால் அந்த ஒற்றை முளை. ஊசலாட்டம் முட்டுக்கட்டையில் போய் இடிக்கிற வரைக்கும் முன்சக்கரம் எவ்வளவு அகலமாக இருந்தாலும் வண்டியைத் தாங்காது. இடிக்கிற நேரத்தில் வண்டி பாதி சாய்ந்திருக்கும். காசு செலவு செய்வதாக இருந்தால் பின்னால் செய்யுங்கள்.

கோபி பட்டறைக்காரர்:

அண்ணன் சொன்னது ரொம்பச் சரி. வேலை செய்கிற பக்கத்திலிருந்து நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் ஜாக்கி. பின்பக்கம் தூக்கும்போது அந்த முன் ஆக்சில் ஊசலாடும் அல்லவா, வண்டி தூக்கின நிலையிலேயே ஒரு பக்கம் சரிந்துவிடும். அதனால் முன் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடையே இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்துவிட்டுத்தான் ஜாக்கியைத் தொடுவேன். முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. சமதளமான கெட்டித் தரை. தூக்கியதும் ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு, ஜாக்கியை நம்பிச் சக்கரத்தைக் கழற்றக் கூடாது. தண்ணீர் ரொப்பின டயர் என்றால் ஒற்றை ஆளாகக் கழற்றவே வேண்டாம். சாய்ந்தால் ஆளை அமுக்கிவிடும்.

பெரிய வண்டிகளில் ரிம் தனி, டிஸ்க் தனி. டிஸ்க்கைத் திருப்பி, ரிம்மை இடம் மாற்றி, பெரும்பாலும் 4 அங்குலப் படிகளில் அகலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மினி வண்டியில் அந்த வசதி எல்லாவற்றிலும் கிடையாது. அதனால் ஹப்புக்கும் (சக்கரம் மாட்டுகிற ஆக்சில் முனை) ரிம்முக்கும் நடுவே வைக்க ஸ்பேசர் என்கிற தடித்த வளையம் கடைந்து கேட்டு வருகிறார்கள். வார்ப்பிரும்பில் வேண்டாம், நல்ல எஃகு உருளையில் கடைய வேண்டும். நடுத்துளை ஹப்பில் சரியாக உட்கார வேண்டும். பழைய போல்ட்டையே போட்டு நாலு மரை மட்டும் பிடித்தபடி அனுப்பச் சொல்கிறவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஸ்பேசர் கனத்துக்கு ஏற்ற நீளத்தில் உயர்தர போல்ட் வேண்டும், நட் முழுக்க மரையில் ஏற வேண்டும்.

அப்புறம் பெயிண்ட். துருப்பிடிக்காது என்று ஸ்பேசரின் இரண்டு முகத்திலும் தடிமனாக அடித்துக்கொண்டு வருவார்கள். ஓடும்போது அந்தப் பெயிண்ட் நசுங்கி மெலியும், உடனே நட் தளரும். இரும்பும் இரும்பும் நேராகத் தொட வேண்டும். ஹப் முகத்தையும் ரிம் முகத்தையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துத் துரு எடுத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். நட்டை வட்டமாக வரிசையில் முறுக்காமல் எதிரெதிராக முறுக்குங்கள். ஒரு மணி நேரம் ஓட்டியதும் மறுபடி ஸ்பானர் போடுங்கள், பிறகு ஒரு வாரம் தினமும் காலையில்.

ஸ்பேசர் கனம் கூடக் கூட ஆக்சிலுக்கும் பேரிங்குக்கும் நெம்பு விசை கூடும். எங்களிடம் 6 அங்குலம் கேட்பவர்களும் உண்டு. செய்ய மாட்டேன். வண்டிப் புத்தகத்தில் எவ்வளவு அகலம் வரை போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. முன்னால் லோடர் மாட்டின வண்டி என்றால் இன்னும் கவனம்.

ஒட்டன்சத்திரம், முருங்கைத் தோட்டம்:

எங்களுக்கு அகலப்படுத்தியதில் வேறு ஒரு பிரச்சினை வந்தது, அதையும் சொல்கிறேன். எங்கள் ரோட்டவேட்டர் 3 அடி. சக்கரம் உள்ளே இருந்தவரை டயர் தடம் ரோட்டவேட்டர் அகலத்துக்குள்ளேயே அடங்கி, பின்னாலேயே அழிந்துவிடும். வெளியே தள்ளியதும் இரண்டு பக்கமும் தடம் அப்படியே நிற்கிறது. அமுங்கின மண் பட்டையாகக் கிடந்து, தண்ணீர் விட்டால் அதில்தான் ஓடுகிறது. 4 அடி ரோட்டவேட்டர் மாற்றலாம் என்றால் 18 ஹெச்.பி. வண்டி எங்கள் மண்ணில் திணறுகிறது. கடைசியில் ரோட்டவேட்டரை ஒரு பக்கமாகத் தள்ளி மாட்டி, அந்தப் பக்கத் தடத்தை அழித்துக்கொண்டு போகிறோம். அடுத்த தடம் அதை ஒட்டி வருவதால் மறுபக்கமும் அழிந்துவிடுகிறது. ஓட்டுகிறவர் ஒரே பக்கமாகவே திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான்.

கம்பம் பள்ளத்தாக்கு:

பன்னீர் திராட்சைப் பந்தலுக்குள் ஓட்டுகிறவன் நான். நீங்கள் எல்லாரும் அகலம் என்கிறீர்கள், எங்களுக்கு அகலம் கூட்ட வழியே இல்லை. ஒரு பக்கம் கல்தூண், மறுபக்கம் சொட்டுநீர்க் குழாய். ஒரு கை அகலம் கூடினாலும் தூணில் உரசும், தூண் சாய்ந்தால் பந்தல் கம்பி மொத்தமும் தொய்யும்.

நாங்கள் செய்வது டயரில் தண்ணீர் ரொப்புவது. வால்வு உச்சிக்கு வரும்படி சக்கரத்தைத் திருப்பி நிறுத்தி, வால்வு மட்டம் வரை விட்டால் சுமார் 75 சதவீதம் நிரம்பும். மீதிக்குக் காற்று. குளிர் நாடுகளில் உறையாமல் இருக்க உப்புக் கரைசல் ஊற்றுவார்களாம், நமக்குக் கிணற்றுத் தண்ணீரே போதும். அந்த எடை முழுவதும் தாழ்வாக, ஆக்சில் உயரத்திலேயே நிற்பதால் வண்டி தரையைப் பிடித்துக்கொள்கிறது. மருந்து டேங்கை நிரப்பிப் பின்னால் தூக்கினபோதும் முன்புபோல ஆடுவதில்லை. டேங்க் பாதி காலியானதும் உள்ளே மருந்து அலம்புமே, அப்போதுதான் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது.

மன்னார்குடி:

டெல்டாவில் தொழி உழவுக்கு, அதாவது தண்ணீர் கட்டிச் சேறாக்குகிற உழவுக்கு, டயருக்கு வெளியே அரைக் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டுகிறோம். அதுவே இரண்டு பக்கமும் நல்ல அகலம் கொடுத்துவிடும், பக்கவாட்டில் கவிழ்ந்த வண்டியை வயலுக்குள் நான் பார்த்தது அபூர்வம். எங்கள் பயம் வேறு. வண்டி பின்பக்கமாகக் கவிழ்வது. சேற்றில் பின்சக்கரம் சுழலாமல் சிக்கிக்கொண்டால், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரத்துக்குப் பதிலாக வண்டியின் மூக்கு மேலே எழும். ஓரிரு விநாடியில் ஓட்டுகிறவர் மேலேயே வந்து விழும். சிக்கின சக்கரத்தில் கட்டையைச் சங்கிலி போட்டுக் கட்டி ஏற்றப் பார்ப்பார்கள் பாருங்கள், அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். பின்னோக்கி எடுங்கள், இல்லை வேறு வண்டியை வைத்து இழுங்கள். சக்கர அகலம் இதற்கு ஒரு உதவியும் செய்யாது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

தாளவாடி விவசாயி:

மன்னார்குடி அண்ணன் சொன்னதை எல்லாரும் ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள்.

தனிச்செய்தியில் ஒருவர், அகலப்படுத்திய பிறகு எவ்வளவு செங்குத்தான சரிவில் ஓட்டலாம் என்று கேட்டிருந்தார். கணக்கு போட்டுப் பார்த்தேன். பின்சக்கர இடைவெளி 90 செ.மீ., எடை மையம் தரையிலிருந்து 60 செ.மீ. என்று வைத்துக்கொண்டு பக்கத்துக்கு 10 செ.மீ. கூட்டினால், நிற்கிற வண்டி கூடுதலாகத் தாங்குவது ஐந்து டிகிரி வாக்கில்தான். அதே 90 செ.மீ. வண்டியின் மேட்டுப்பக்கச் சக்கரம் 15 செ.மீ. உயரக் கல்லில் ஏறினால் வண்டி ஒன்பது டிகிரிக்கு மேல் சாய்கிறது. அதாவது அகலப்படுத்திச் சம்பாதித்ததை ஒரே ஒரு கல் அதற்கு மேலேயே திருப்பி வாங்கிக்கொள்ளும். பள்ளத்துப் பக்கம் எலி வளை இடிந்தாலும் இதே கதை. அதனால் முன்பு ஓட்டாத சரிவில் இப்போதும் ஓட்டுவதில்லை. ஓட்டிக்கொண்டிருந்த இடத்தில் பயமில்லாமல் ஓட்டுகிறோம், அதற்காகத்தான் செய்தது.

வேகமும் அப்படியே. திரும்பும்போது வெளியே தள்ளுகிற விசை வேகத்தின் இருமடிக்கு ஏறும், இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பினால் நாலு மடங்கு தள்ளும். கோடியில் கியரைக் குறைத்து, ரோட்டவேட்டரைத் தரைக்கு மேல் ஒரு சாண் மட்டும் தூக்கித் திருப்பச் சொல்லியிருக்கிறேன்.

இருக்கைக்குப் பின்னால் பாதுகாப்பு வளைவுக் கம்பி இருக்கிற வண்டி என்றால் சீட் பெல்ட் கட்டாயம். கம்பி இல்லாத வண்டியில் பெல்ட் போடக் கூடாது, வண்டியோடு சேர்த்துக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். எங்கள் வண்டிக்கு அந்தக் கம்பி வாங்க விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பட்டறையில் வளைத்த குழாய் வேண்டாம், கம்பெனி சோதித்துத் தருவதுதான் வேண்டும். 24 ஹெச்.பி. வண்டிக்கு யாராவது சமீபத்தில் பொருத்தியிருந்தால், மடக்குகிற மாதிரி கிடைக்கிறதா, விலை என்ன வந்தது என்று எழுதுங்கள்.