"இன்றைக்கு ஒருசந்தி" என்று சொல்லித் தேநீரை மறுக்கும் நாம்: சாதி மனத்தை விசுவாசம் மாற்றுமா?

பாலக்கோடு ஆசிரியை எழுதியது:

எங்கள் கத்தோலிக்கப் பங்கில், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டம் மாதந்தோறும் ஒவ்வொரு வீட்டிலும் முறை வைத்து நடக்கிறது. தலித் மக்கள் வாழும் காலனி வீட்டின் முறை வரும்போது ஊர்த்தெருப் பெண்கள் தவறாமல் வருகிறார்கள். பாயில் அமர்ந்து வாசகம் வாசிக்கிறார்கள், மன்றாட்டுச் சொல்கிறார்கள், நன்றாகவே பாடுகிறார்கள். தேநீர்த் தட்டு வந்ததும் ஒருவருக்கு அன்றைக்கு ஒருசந்தி (நோன்பு) ஆகிவிடுகிறது, இன்னொருவருக்குச் சர்க்கரை நோய் நினைவுக்கு வருகிறது. அடுத்த மாதம் ஊர்த்தெரு வீட்டில் அதே பெண்கள் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். சென்ற கூட்டத்தில் காலனி வீட்டு அம்மா வைத்திருந்தவை விலைச்சீட்டுகூட உரிக்கப்படாத புது சில்வர் டம்ளர்கள். நமக்காகவே வாங்கியிருக்கிறார்.

இதைப் பழக்கம் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது என்பது என் கருத்து. பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் சொல்ல வேண்டிய பாவம் இது. அதற்கான பரிகாரம் ஐம்பத்து மூன்று மணி செபமாலை சொல்வது அன்று, அந்த டம்ளரை எடுத்துக் குடிப்பதுதான்.

தென்பெண்ணைக் கரையோன் எழுதியது:

அம்மா, நீங்கள் சொல்வது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் மனம் மாறாமல் குடிக்கும் தேநீரால் யாருக்கு என்ன நன்மை? என் தாயாருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. அவர் பிறந்து வளர்ந்த வீட்டில் இது இப்படித்தான் என்று சொல்லிக் கொடுத்தே வளர்த்திருக்கிறார்கள். நாளை கட்டாயப்படுத்தினால் அவர் கூட்டத்திற்கு வருவதையே நிறுத்திவிடுவார்; இறைவார்த்தையைக் கேட்கும் வாய்ப்பும் போய்விடும். கல்லான இதயத்தை எடுத்துவிட்டுச் சதையாலான இதயத்தைத் தருவேன் என்று எசேக்கியேல் வழியாகக் கடவுள் சொல்லும்போது, அந்தப் பணியைத் தாமே செய்வதாகத்தான் சொல்கிறார். "கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டு என்று சொல்லாதே" என்று யோப்பாவில் பேதுருவுக்கு வந்த காட்சி ஒருமுறையோடு முடியவில்லை, மூன்று முறை வந்தது. கடவுளே அவ்வளவு பொறுமை காட்டியிருக்கும்போது நாம் ஏன் அவசரப்பட வேண்டும்? இயேசுவின் உவமையில் கோவிலில் முன்னே நின்று "நான் இவரைப் போல் இல்லை" என்று நன்றி சொன்ன பரிசேயரின் இடத்தில் நாம் போய் நின்றுவிடக் கூடாதே என்பதும் என் அச்சம்.

பாலக்கோடு ஆசிரியை எழுதியது:

பேதுருவையே எடுத்துக்கொள்வோம். பிற இனத்தாரான கொர்னேலியுவின் வீட்டிலிருந்து எருசலேமுக்குத் திரும்பியவரிடம் சொந்த மக்கள் என்ன குற்றம் சாட்டினார்கள் என்று திருத்தூதர் பணிகள் 11ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். "அவர்களுக்கு ஏன் திருமுழுக்குக் கொடுத்தீர்?" என்று அவர்கள் கேட்கவில்லை, விருத்தசேதனம் செய்யாதவர்களிடம் சென்று அவர்களோடு உண்டது ஏன் என்றே கேட்டார்கள். செபத்தைப் பொறுத்துக்கொள்பவர்களும் சாப்பாட்டைப் பொறுத்துக்கொள்வதில்லை. நம் ஊரிலும் கதை அதேதான்.

அத்தனை காட்சி கண்ட பேதுருவே அந்தியோக்கியாவில் எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பிற இனத்தாரின் பந்தியிலிருந்து நழுவினார் என்று கலாத்தியர் திருமுகம் 2ஆம் அதிகாரம் சொல்கிறது. பவுல் தனியே செபித்துக் காத்திருக்கவில்லை, எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேராகக் கண்டித்தார். அருள் உள்ளே வேலை செய்யும் என்பதை நானும் நம்புகிறேன்; அதற்கு வெளியே ஓர் இடம் வேண்டும், நமக்கு வாய்த்த இடம் அந்தப் பாய்தான்.

அரூர் வாசகன் எழுதியது:

நீங்கள் இருவரும் பேசுவது மறுக்கிறவருடைய ஆன்மாவைப் பற்றி. கூட்டம் கலைந்த பிறகு ஆறிப்போன தேநீரைக் கொட்டிவிட்டு டம்ளர் கழுவும் பெண்ணின் மகன் நான்.

தாழ்த்தப்பட்டோர் பட்டியல் குறித்த 1950ஆம் ஆண்டு ஆணை இந்துக்களை மட்டுமே ஏற்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியேதான். "உங்கள் மதத்தில்தான் சாதி இல்லையே" என்று தாலுகா அலுவலகத்தில் சொல்கிறார்கள். கோவிலுக்கு வந்தால் தேநீர்த் தட்டில் சாதி இருக்கிறது. 2012 நவம்பர் 7 அன்று, சாதி கடந்த ஒரு காதல் திருமணத்தைக் காரணம் காட்டி, நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய இடங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட தலித் வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். அது நடந்தது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். டம்ளரையும் தீயையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் "இவர்கள் வேறு" என்று வருடக்கணக்கில் பழகிய மனத்திற்குத் தீ வைக்கும் நாளில் கை கூசாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்தக் காட்சி வந்தபோது பேதுரு தங்கியிருந்தது தோல் பதனிடும் சீமோன் வீட்டில். அவர் கையால் பேதுரு எதையும் வாங்கிக் குடித்திருக்க மாட்டார் என்று நம்ப என்னால் முடியவில்லை.

ஓசூர்வாசி எழுதியது:

எனக்குத் தெரிந்த ஓர் அன்பியத்தில் இந்தச் சங்கடம் வேண்டாம் என்று, இனி எந்த வீட்டிலும் எதுவும் கொடுப்பதில்லை என முடிவெடுத்துவிட்டார்கள். சிக்கல் அதோடு தீர்ந்தது. இங்கும் அப்படிச் செய்யலாமே?

பாலக்கோடு ஆசிரியை எழுதியது:

ஐயா, அது யாருக்குத் தீர்ந்தது? மறுக்கிறவர் இனி பொய் சொல்லத் தேவையில்லை, அவ்வளவுதான். கொடுக்க ஆசைப்பட்டவரின் கையைக் கட்டிப்போட்டுவிட்டு அதைச் சமத்துவம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

தென்பெண்ணைக் கரையோன் எழுதியது:

அரூர் சகோதரரே, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத என்னால் முடியவில்லை. தேநீரையே நிறுத்துவதில் எனக்கும் உடன்பாடில்லை. முதியவர்களைச் சபையில் தலைகுனிய வைக்கக் கூடாது என்பதில் இன்னும் உறுதியாகவே இருக்கிறேன். என் தாயார் மீது எனக்குள்ள இரக்கமும் விசுவாசத்திலிருந்து வந்ததுதான்.

ஆனால் ஆசிரியை காட்டிய இடத்தை மீண்டும் வாசித்தபோது ஒன்று தெரிந்தது. பவுல் கண்டித்தது தலைவரை. பேதுரு விலகியதால்தான் மற்ற யூதர்களும், பர்னபாகூட, விலகினார்கள். 2003 நவம்பரில் உரோமைக்குச் சென்ற தமிழ்நாட்டு ஆயர்களிடம் அன்றைய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களுக்கிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட உண்மையான மனித ஒருமைப்பாட்டிற்கு எதிர்ச்சாட்சி என்று சொன்னார். அவரும் தலைவர்களிடம்தான் சொன்னார். ஆகவே பங்குப் பேரவை உறுப்பினர்களும் அன்பியப் பொறுப்பாளர்களும் முதலில் குடிக்கட்டும். அதைச் செய்ய முடியாதவர் அந்தப் பொறுப்பை விட்டு விலகட்டும். நானும் ஒரு பொறுப்பாளன் என்பதை மறக்காமல்தான் இதைச் சொல்கிறேன்.

அரூர் வாசகன் எழுதியது:

அண்ணா, பொறுப்பாளர்கள் முதலில் என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. தவக்காலம் முடிந்த பிறகு எங்கள் வீட்டு முறை வருகிறது. அதனால் ஒருசந்திக்கும் அப்போது வழியில்லை. உங்கள் தாயாரையும் அழைத்து வாருங்கள். குடிக்கச் சொல்லி அவரை யாரும் வற்புறுத்த மாட்டார்கள் என்பதற்கு நான் பொறுப்பு. மனம் ஒப்பவில்லை என்றால் ஒப்பவில்லை என்றே என் அம்மாவிடம் அவர் சொல்லட்டும். பதிலுக்கு என் அம்மாவும் ஏதாவது கேட்பார். அதைக் கேட்டுக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருக்க முடியுமா என்று மட்டும் அவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.