புதுப்பிப்பு: ‘மிஸஸ் ஹெண்டர்சன் பிரசன்ட்ஸ்’ – அசையாமல் நின்றது மட்டும்தானா?

லண்டன் விண்ட்மில் அரங்கையும் அதன் உரிமையாளர் லாரா ஹெண்டர்சனையும் பற்றியது, ஜூடி டென்ச் நடித்த இந்த 2005 படம். அதைப் பற்றிய முந்தைய பதிவில் பலர் கேட்டது இது: அந்த அரங்கில் ஆடையின்றி நின்ற பெண்கள் நிஜமாகவே அசையவில்லையா?

மேடையில் அசையக் கூடாது என்பதுதான் அன்றைய நாடகத் தணிக்கை அதிகாரியான லார்ட் சேம்பர்லின் விதித்த நிபந்தனை. சிலைபோல் நிற்பவர் அசைந்தால் ஆபாசம், நின்றால் கலை! ஆனால் இந்த விதியில் ஓட்டை இருந்தது, அரங்கத்தார் அதை விடவில்லை. விசிறி நடனத்தில் பெரிய இறகு விசிறிகள் உடலை மறைத்திருக்கும் வரை நடனக்காரி ஆடலாம். முடிவில் அவர் உறைந்து நின்ற பிறகே உதவிப் பெண்கள் விசிறிகளை விலக்குவார்கள். ஒரு நொடி முந்தினாலும் விதிமீறல். இன்னொரு உத்தி, சுழலும் கயிறு: பெண் அதைப் பிடித்தபடி அசையாமல் இருப்பார், சுழல்வது கயிறுதான்.

படம் தொட்டும் தொடாமலும் போகும் விஷயம், காட்சிகள் பிற்பகல் தொடங்கி இரவு வரை இடைவிடாமல் ஓடியது. அதனால் முன்வரிசை காலியானதும் பின்னாலிருப்பவர்கள் இருக்கைகளைத் தாண்டிக் குதித்து இடம் பிடிப்பார்கள்.

‘ஒருநாளும் மூடியதில்லை’ என்ற அரங்கின் பெருமை பற்றி: இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 செப்டம்பரில் அரசு எல்லா அரங்குகளையும் மூடிய சுமார் இரண்டு வாரம் இதுவும் மூடித்தான் கிடந்தது. குண்டுவீச்சுக் காலத்தில் மூடவில்லை. கலைஞர்கள் நிலத்தடித் தளங்களிலேயே தங்கினார்கள். ஹெண்டர்சன் 1944இல் இறந்தார். அரங்கு, அதன் மேலாளரான வான் டாமுக்குப் போனது.